உடற்பயிற்சிக்குப் பின் கவனம் கூடுகிறதா? ஒரு சிறிய ஆய்வை வரிசை தவறாமல் நடத்தும் முறை

இருபது நிமிடம் மிதிவண்டி ஓட்ட வைத்து, இறங்கியதும் கணினி முன் உட்கார வைத்து ஒரு கவனச் சோதனை கொடுத்தால் ஆய்வு முடிந்துவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஓட்ட வைப்பதுதான் இதில் மிக எளிய வேலை. ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் பங்கேற்பாளர் மிதியில் கால் வைப்பதற்கு முன்பே.

ஒரே ஒரு அமர்வு உடற்பயிற்சிக்குப் பின் கவனம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சிறிய ஆய்வுக்கான வழி இது. பட்டமேற்படிப்பு ஆய்வுக்கும் சிறிய ஆய்வகத்துக்கும் பொருந்தும். மாதக்கணக்கில் பயிற்சி அளித்து மூளையின் அமைப்பு மாறுகிறதா என்று பார்ப்பது வேறு அளவிலான வேலை. அதை முதல் ஆய்வாக எடுக்க வேண்டாம்.

முன்கூட்டியே தேவைப்படுபவை: சுமையை வாட் கணக்கில் நிலையாக வைக்கும் எர்கோமீட்டர் மிதிவண்டி, மார்பில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டை, இரத்த அழுத்தமானி, கம்பியுள்ள விசைப்பலகையுடன் ஒரு கணினி, வெளிச்சத்தம் வராத அறை, முதலுதவி தெரிந்த ஒருவர். கைக்கடிகார வகை ஒளி உணரிகள் வசதியானவைதான். ஆனால் கை அசையும்போதும் வியர்க்கும்போதும் துடிப்பைத் தவறாகக் காட்டுகின்றன. பட்டைக்குச் செலவிடுங்கள்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“உடற்பயிற்சி மூளைக்கு நல்லதா?” என்பதை வைத்து எதையும் அளக்க முடியாது. யாருக்கு, எந்த உடற்பயிற்சி, எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், முடிந்து எத்தனை நிமிடம் கழித்து, எந்தச் சோதனையின் எந்த எண், எதோடு ஒப்பிட்டு என்ற ஏழும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

உதாரணம்: “18 முதல் 35 வயதுக்குட்பட்ட, நோயற்றவர்கள் மிதமான தீவிரத்தில் 20 நிமிடம் மிதிவண்டி ஓட்டி முடித்து 15 நிமிடம் கழித்துச் செய்யும் ஃபிளாங்கர் சோதனையில், முரண்பட்ட தூண்டல்களுக்கான எதிர்வினை நேரம், அதே நேரம் அமர்ந்திருந்த நாளைவிடக் குறைகிறதா?” (ஃபிளாங்கர் என்பது ஒரு கவனச் சோதனை. விளக்கம் 3-ஆம் படியில்.) படிக்கச் சுகமாக இல்லை. ஆனால் பின்னால் எழும் சச்சரவுகளில் பாதியை இந்த வாக்கியமே தீர்த்துவிடும்.

இங்கே சோதனையை உடற்பயிற்சியின்போதே வைக்கிறீர்களா, முடிந்த பிறகா என்பது பெரிய பிரிவு. ஓட்டிக்கொண்டே செய்யும்போது, குறிப்பாக முதல் சில நிமிடங்களில், செயல்திறன் குறையவும் கூடும். முடிந்த பிறகு கூடலாம். இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்து பேசுபவர்கள் ஏராளம்.

2. ஒப்பீட்டு நிலையை முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் உடற்பயிற்சி நிலையைப் பற்றி வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஒப்பீட்டு நிலைக்கு “சும்மா உட்காருதல்” என்று இரண்டு சொல் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆய்வின் பதில் இருப்பதோ இந்த இரண்டின் வேறுபாட்டில்.

ஒருவர் இருபது நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம் வரும். அதன் பின் சோதனையில் அவர் மந்தமாக இருந்தால், உடற்பயிற்சி உதவியதா, சலிப்பு கெடுத்ததா என்று பிரிக்க முடியாது. அதே மிதிவண்டியில் அமர்ந்து, அதே ஆவணப்படத்தைப் பார்ப்பது நல்லது. உடற்பயிற்சி நாளிலும் அந்தப் படமே ஓட வேண்டும். இயலுமானால் சுமையே இல்லாமல் மெதுவாக மிதிக்கும் மூன்றாவது நிலையையும் சேருங்கள்.

ஒப்பீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011-இல் கிர்க் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நல்ல பாடம். 120 முதியவர்கள், ஓராண்டு. நடைப்பயிற்சி செய்த குழுவில், மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியான ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியது. இந்த இரண்டு எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இடம்சார் நினைவுச் சோதனையில் இரு குழுக்களுமே முன்னேறின என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அந்த முன்னேற்றம் முழுவதும் நடையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

பங்கேற்பாளரின் கண்ணைக் கட்டி உடற்பயிற்சி கொடுக்க முடியாது. தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே முதல் நாளே “எந்த நாளில் உங்கள் சோதனை நன்றாக அமையும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். எதிர்பார்ப்பின் பங்கைப் பின்னர் சோதிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

3. ஒரே ஒரு முதன்மை அளவைத் தேர்ந்தெடுங்கள்

ஃபிளாங்கர் சோதனை 1974-இல் எரிக்சன் தம்பதியர் (மேலே சொன்ன கிர்க் எரிக்சன் வேறு) எழுத்துகளை வைத்து உருவாக்கியது. இன்று அம்புக்குறிகளோடு பரவலாகப் பயன்படுகிறது. நடுவில் உள்ள அம்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்று அழுத்த வேண்டும். சுற்றியுள்ளவை அதே பக்கமோ (ஒத்த தூண்டல்) எதிர்ப்பக்கமோ (முரண்பட்ட தூண்டல்) நோக்கும். எளிது, சுருக்கமானது, உடற்பயிற்சி ஆய்வுகளில் நன்கு புழங்கியது.

முரண்பட்ட நேரத்திலிருந்து ஒத்த நேரத்தைக் கழித்து வரும் எண்ணையே பலரும் முதன்மை அளவாக வைக்கிறார்கள். ஒருவருக்கே மறுமுறை அளந்தால் அந்தக் கழித்தல் எண் கணிசமாக ஆடும். இரண்டு அளவுகளின் பிழையும் அதில் சேர்ந்துவிடுவதுதான் காரணம். முரண்பட்ட தூண்டல்களின் சராசரி நேரத்தை முதன்மையாகவும், கழித்தல் எண்ணை இரண்டாம் நிலையாகவும் வையுங்கள். தூண்டல் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது நூறு.

கணினியின் நேரத்தையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. கம்பியில்லா விசைப்பலகை தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் இரு நாட்களின் ஒப்பீட்டில் அது அடிபட்டுப்போகும். தொல்லை தருவது ஏறி இறங்கும் தாமதம்தான். அதைவிட மோசம், ஆய்வின் நடுவே கணினியை மாற்றுவது.

4. எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள்

2012-இல் சாங் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓர் அமர்வு உடற்பயிற்சியின் ஒட்டுமொத்த விளைவு நேர்மறையாகத்தான் வந்தது; ஆனால் சிறியது. சிறிய விளைவைத் தேடப் பதினைந்து பேரை வைத்து இறங்குவது வீண்.

ஒரே நபர் இரண்டு நிலைகளையும் செய்யும் குறுக்கு வடிவமைப்பில், நியம விலகலின் 0.5 பங்கு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்க ஏறத்தாழ 34 பேர் வேண்டும். 0.3 பங்கு என்றால் சுமார் 90 பேர். தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தால் அதே 0.3-க்குக் குழுவுக்குச் சுமார் 175 பேர். குறுக்கு வடிவமைப்பை நான் விடாமல் பரிந்துரைப்பதற்கு இந்த எண்களே காரணம். இடையில் விலகுபவர்களுக்காகப் பத்து, பதினைந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. முன்னோட்டம், பிறகு நெறிமுறை அனுமதி, பிறகு பதிவு

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்குமுன் உங்கள் ஆய்வகத்தினரையே வைத்து முழு அமர்வையும் ஒத்திகை பாருங்கள். விண்ணப்பத்தில் “60 நிமிடம்” என்று எழுதிவிட்டு அமர்வு 95 நிமிடம் நீண்டால் திருத்த அனுமதிக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும். ஒத்திகையின் தரவை இறுதிப் பகுப்பாய்வில் சேர்க்கக் கூடாது.

அனுமதி கிடைத்ததும், முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன் ஆய்வுத் திட்டத்தைப் பொதுப் பதிவேட்டில் பதியுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதல் மருத்துவப் பரிசோதனைகளுக்கு முன்பதிவைக் கேட்கிறது. உங்கள் ஆய்வு அந்த வரையறைக்குள் வருகிறதா என்று தெரியாவிட்டாலும் பதிந்துவிடுங்கள். தாமதமான பதிவை இதழ்கள் ஏற்பதில்லை. தேவையற்ற பதிவால் நட்டமில்லை.

6. பாதுகாப்புக்கான வடிகட்டல்

பார்-க்யூ பிளஸ் போன்ற கேள்வித்தாளை ஒப்புதல் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இதய நோய், மருந்துகள் பற்றிய எந்தக் கேள்விக்கும் “ஆம்” என்றால் மருத்துவரின் அனுமதி வரும்வரை அந்த நபரைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு அமர்விலும் ஓய்வு இரத்த அழுத்தத்தை அளந்தே தொடங்குங்கள்.

நிறுத்தும் விதிகள் எழுத்தில், சுவரில் இருக்கட்டும்: நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், குழப்பம், தள்ளாட்டம், பங்கேற்பாளரின் விருப்பம். கடைசிக் காரணத்துக்கு விளக்கம் கேட்கக் கூடாது.

பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்களின் இதயத் துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது. அடுத்த படியில் வரும் கணக்கு அவர்களுக்குச் செல்லாது. ஆரோக்கியமான இளையோர் ஆய்வு என்றால் அவர்களைச் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

7. தீவிரத்தை நிர்ணயிப்பது

ஆய்வின் முதுகெலும்பு இதுதான். அதிகத் தடுமாற்றமும் இங்கேதான்.

எல்லோருக்கும் 100 வாட் என்று வைப்பது முதல் தவறு. பழகிய ஓட்டுநருக்கு அது உலா. உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு அது மூச்சுத் திணறல். வெளிச்சுமை ஒன்றுதான், உடலின் சுமை வேறு.

அதிகபட்சத் துடிப்பை 220-இலிருந்து வயதைக் கழித்துக் கணிப்பது இரண்டாவது தவறு. 2001-இல் டனாகா குழுவினர் தந்த 208 – (0.7 × வயது) என்ற சூத்திரம், குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, மேலானது. ஆனால் இதிலும் தனிநபர் வேறுபாடு பத்துத் துடிப்பு வரை சாதாரணமாகவே இருக்கும். நேரடியாக அளக்க வாய்ப்பிருந்தால் அளந்துவிடுங்கள்: சுமையைப் படிப்படியாக ஏற்றி இயலாத நிலைவரை ஓட்டும் சோதனை. அதைத் தனி நாளில், முதன்மை அமர்வுக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக வையுங்கள். களைப்பு தொடரக் கூடாது.

மூன்றாவதாக, அதிகபட்சத் துடிப்பின் சதவீதத்தையும் துடிப்பு இருப்பின் (அதிகபட்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் வருவது) சதவீதத்தையும் குழப்புவது. மிதமான தீவிரம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் அளவுகோலில் அதிகபட்சத்தில் 64 முதல் 76 சதவீதம், அல்லது இருப்பில் 40 முதல் 59 சதவீதம். “60 சதவீதம்” என்று மட்டும் எழுதினால் ஒன்றில் அது இலேசான பயிற்சி, மற்றொன்றில் கடுமையானது.

இருப்பு முறையில் ஒரு கணக்கு. வயது 30, ஓய்வுத் துடிப்பு 65 என்று கொள்வோம். அதிகபட்சம் 208 – 21 = 187. இருப்பு 187 – 65 = 122. அதில் 50 சதவீதம் 61. இலக்கு 65 + 61 = 126. ஓய்வுத் துடிப்பை அவர் படியேறி வந்த மூச்சோடு அளந்து 80 என்று எழுதினால் இலக்கு ஏழு துடிப்புக்குமேல் கூடிவிடும். பத்து நிமிடம் அமர்ந்த பிறகே அளக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

எண்ணை மட்டும் நம்பாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்கின் 6 முதல் 20 வரையிலான அளவுகோலில் எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேளுங்கள். 12, 13 என்றால் மிதம். துடிப்பு இலக்கில் இருக்க, அவர் 17 என்கிறார் என்றால் உங்கள் சூத்திரம் அவருக்குப் பொருந்தவில்லை.

சுமையை மாற்றாமலே இருபது நிமிடத்தில் துடிப்பு மெல்ல ஏறும். உடல் சூடாவதும் நீரிழப்பும் காரணம். மின்விசிறியும் அறை வெப்பநிலையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். துடிப்பு எல்லை தாண்டினால் எத்தனை வாட் குறைப்பது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள்.

8. பழக்கும் நாள்

இதைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. யாரும் முதன்முறை ஃபிளாங்கர் செய்யும்போதைவிட இரண்டாம் முறை வேகமாகச் செய்வார். அது பழக்கம், உடற்பயிற்சியின் கொடை அல்ல. தனி நாளில் சோதனையைப் பல சுற்றுகள் செய்ய வைத்து, அடுத்தடுத்த சுற்றுகளில் நேரம் நிலைத்த பிறகு முதன்மை அமர்வுகளுக்குப் போங்கள்.

மிச்சம் இருக்கும் பழக்க விளைவை வரிசை மாற்றம் கவனித்துக்கொள்ளும்: பாதிப் பேர் முதலில் உடற்பயிற்சி, பாதிப் பேர் முதலில் உட்காருதல். யார் எந்த வரிசை என்பதைக் கணினி எழுந்தமானமாகப் பிரிக்கட்டும். “இவர் இன்று களைப்பாக இருக்கிறார், உட்காரும் நிலையை முதலில் வைப்போம்” என்ற இரக்கம் ஆய்வைக் கொன்றுவிடும்.

இருக்கையின் உயரம், கைப்பிடி நிலை ஆகியவற்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

9. அமர்வு நாள்

இரண்டு அமர்வுகளும் நாளின் அதே நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும். முந்தைய இரவின் தூக்கம், கடைசி உணவு, மாதவிடாய்ச் சுழற்சியின் நாள் ஆகியவற்றைக் கேட்டுப் பதியுங்கள். முந்தைய 24 மணி நேரம் கடும் உடற்பயிற்சி கூடாது.

காஃபீன் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் பாதி உடலிலிருந்து நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், பலர் “24 மணி நேரம் குடிக்காதீர்கள்” என்று எழுதுகிறார்கள். தினமும் குடிப்பவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் கவனக்குறைவும் தொடங்கும். அவரை அதே நேரத்தில் சோதிப்பது கவனத்தை அல்ல, விலகல் துன்பத்தை அளப்பது. வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் குடித்துவிட்டு, இரண்டு நாட்களிலும் ஒரே மாதிரி வரச் சொல்வதே என் விருப்பம்.

அமர்வின் ஓட்டம்: பத்து நிமிடம் ஓய்வு, இரத்த அழுத்தம், துடிப்பு, முதல் சோதனை, ஐந்து நிமிடம் இலேசான மிதிப்பு, இருபது நிமிடம் இலக்குத் தீவிரம், மூன்று நிமிடம் தணிப்பு, காத்திருப்பு, இரண்டாம் சோதனை.

காத்திருப்பு எவ்வளவு? துடிப்பு ஓய்வு நிலைக்குத் திரும்பும்வரை என்று பலர் வைக்கிறார்கள். உடல் தகுதி மிக்கவருக்குத் துடிப்பு சீக்கிரம் இறங்கும். அவர் ஐந்தாம் நிமிடத்திலும் மற்றவர் பன்னிரண்டாம் நிமிடத்திலும் சோதனையைத் தொடங்குவார். தகுதியும் காத்திருப்பும் பின்னிக்கொண்டால் பிரிக்க வழியில்லை. எல்லோருக்கும் 15 நிமிடம் என்று நிலைநிறுத்தி, அப்போதைய துடிப்பைப் பதியுங்கள். மேலே சொன்ன சாங் தொகுப்பிலும் 11 முதல் 20 நிமிட இடைவெளியில்தான் விளைவு கூடுதலாகத் தெரிந்தது.

நீங்கள் பேசுவதும் ஒரு தலையீடுதான். உடற்பயிற்சி நாளில் “அருமை, இன்னும் கொஞ்சம்” என்று உற்சாகமூட்டிவிட்டு, உட்காரும் நாளில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு நாளும் ஒரே எழுத்துப்பிரதி. சோதனையை நடத்துபவர் முடிந்தால் வேறு அறையில், எந்த நிலை என்று தெரியாதவராக இருக்கட்டும். வியர்த்த முகம் சிலநேரம் காட்டிக்கொடுத்துவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

10. மூளை அளவீடு சேர்க்க நினைத்தால்

முதல் ஆய்வில் வேண்டாம் என்பேன். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கருவியும் உடற்பயிற்சியால் எப்படி ஏமாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஈஈஜியில் (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது) வியர்வை மெதுவான அலைவுகளைத் தரும். தலையை உலர்த்தி, மின்முனைத் தடையை மறுபடி அளந்த பிறகே பதிவு. நெற்றியில் வைக்கும் அகச்சிவப்புக் கருவி மூளையின் இரத்தத்தோடு தோலின் இரத்தத்தையும் சேர்த்தே பார்க்கிறது. உடல் சூடானால் தோலுக்குத்தான் இரத்தம் பாயும். தோலின் பங்கைத் தனியே அளக்கும் குறைந்த இடைவெளி உணரிகள் இல்லாமல் அந்தத் தரவை நம்பாதீர்கள்.

மூளை இரத்த ஓட்டம் தீவிரத்தோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டில் சுமார் 60 சதவீதம் வரை ஏறி, அதற்குமேல் வேகமான மூச்சால் கார்பன் டைஆக்சைடு வெளியேற, மூளையின் குழாய்கள் சுருங்கி ஓட்டம் இறங்குகிறது. மூச்சின் கடைசியில் வரும் கார்பன் டைஆக்சைடை அளக்காமல் இதை விளக்க இயலாது.

இரத்தத்தில் பிடிஎன்எஃப் (நரம்பு செல்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதம்) பார்ப்பவர்களுக்கு: இரத்தத் தட்டணுக்கள் அதைச் சேமித்து வைத்து, உறையும்போது வெளியிடுகின்றன. எனவே சீரம் அளவு பிளாஸ்மா அளவைவிடப் பன்மடங்கு அதிகம். உறைய விடும் நேரம் மாறினால் எண்ணும் மாறும். போதாக்குறைக்கு, உடற்பயிற்சியில் பிளாஸ்மாவின் கன அளவு குறைவதால் புதிதாக எதுவும் சுரக்காமலே செறிவு கூடும். ஹீமோகுளோபின், ஹீமட்டோக்ரிட் இரண்டையும் அளந்து டில், காஸ்டில் 1974 முறையில் திருத்துங்கள்.

11. தரவைத் திறப்பதற்கு முன் பகுப்பாய்வை எழுதுங்கள்

ஒத்திகைத் தரவை வைத்துப் பகுப்பாய்வு நிரலை முழுமையாக எழுதி முடித்த பிறகே உண்மைத் தரவைத் தொடுங்கள். 150 மில்லிசெகண்டுக்கு முந்தைய அழுத்தம் பதில் அல்ல, ஊகம், நீக்குங்கள். மேல் எல்லையையும் முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்வினை நேரங்கள் வலப்பக்கம் நீண்டு கிடக்கும். லாக் மாற்றம் அல்லது இடைநிலையளவு பயன்படும்.

வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பதற்றத்தில் வேகமாக அழுத்தித் தவறுகளைக் கூட்டிக்கொண்டவர் கவனம் மேம்பட்டவர் அல்ல. நேரமும் சரித்தன்மையும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும்.

அடிக்கடி காணும் பிழை ஒன்று: “உடற்பயிற்சி நாளில் முன்-பின் மாற்றம் புள்ளியியல் முக்கியத்துவம் உடையது, உட்காரும் நாளில் இல்லை, எனவே உடற்பயிற்சி வேலை செய்கிறது.” இது ஒப்பீடே அல்ல. இரண்டு மாற்றங்களையும் நேரடியாக ஒன்றோடொன்று சோதியுங்கள். நிலை, வரிசை, நபர் மூன்றும் உள்ள கலப்பு மாதிரி இதற்குப் போதும்.

இலக்குத் துடிப்பை எட்டாதவர்களை முடிவு பார்த்த பிறகு நீக்கக் கூடாது. முதன்மைப் பகுப்பாய்வில் அவர்களும் இருக்கட்டும். அவர்கள் இல்லாத கணக்கை இரண்டாவதாகத் தரலாம்.

12. அறிக்கையில் எழுத வேண்டியவை

இலக்குத் துடிப்பை அல்ல, உண்மையில் எட்டிய சராசரித் துடிப்பையும் வாட்டையும் போர்க் மதிப்பையும் எழுதுங்கள். காத்திருப்பு நேரம், அறை வெப்பநிலை, அமர்ந்திருந்தபோது என்ன செய்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் என்பனவும் வேண்டும். இவை இல்லாத கட்டுரையை வேறொருவர் திரும்பச் செய்ய முடியாது.

விளைவின் அளவையும் அதன் நம்பக இடைவெளியையும் மில்லிசெகண்டில் கொடுங்கள். எட்டு மில்லிசெகண்டு வேறுபாட்டை “மூளைத்திறன் உயர்வு” என்று தலைப்பிடாதீர்கள். வேறுபாடு வரவில்லை என்றாலும் எழுதி அனுப்புங்கள். பதிவேட்டில் நீங்கள் தொடங்கியது தெரிகிறது, முடிவு எங்கே என்று கேட்பார்கள்.

பங்கேற்பாளர்களுக்கு அவரவர் எண்களைக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் கடைசி நபரின் இரண்டாம் அமர்வு முடிந்த பிறகே கொடுங்கள். ஒரே வகுப்பிலோ ஒரே அணியிலோ இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.